மூன்றடுக்கு

தீர்ப்பு நகலில் முத்திரை விழும்போது
மணி பன்னிரண்டேகால்.
சத்துவாச்சாரியில் அந்நேரத்து நிழல்
வக்கீல்களின் கோட்டுக்குள் மட்டும் இருந்தது.

பசிக்கிறதா என்று கேட்டார்.
தன் பசியைச் சொல்லாமல் என் பசியைக் கேட்டது
பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை
என்று சொன்னால் பொய்.
இரண்டாவது.

எங்கே போவது என்பதில்தான் சிக்கல்.
ஆற்காடு ரோட்டு பிரியாணிக் கடையில்
நிச்சயத்துக்கு மறுநாள் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம்.
பழைய பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில்
இலை போடுகிறவருக்கு என் பெயர் தெரியும்.
காட்பாடி காபிக் கடையில்
நான் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்தேன்,
தெரிந்துதான்.

காந்தி நகரில் ஒரு பான்கேக் கடை.
திறந்து பதினெட்டு நாள்.
அங்கே எங்களுக்கு
ஒரு சண்டையும் நிலுவையில் இல்லை.

அவர் பைக்கில் முன்னால்.
நான் ஸ்கூட்டியில்.
பாலாற்றுப் பாலம் முடிந்து திரும்பும் இடத்தில்
பழக்கதோஷம்,
எனக்காக வேகத்தைக் குறைத்தார்.

உள்ளே டிசம்பர்.
கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மேசைக்கு ஒன்பது பேர்.
சட்டையில் லால்ரின் என்று குத்தியிருந்த பையன்
மூன்று மாதத் தமிழில் சொன்னான்:
அக்கா, ஒரு ஸ்டாக்ல மூணு வரும்,
கப்பிள் ஆஃபர் இருக்கு.

வேண்டாம் என்றோம்
இருவரும், ஒரே குரலில்.
பரஸ்பர சம்மதத்தை
நீதிபதி முன்னால்கூட
இவ்வளவு துல்லியமாய்ச் சொல்லவில்லை.

அப்புறம் அவர் மெனுவை மறுபடி பார்த்தார்.
நாப்பது ரூபா குறையுதே.
சரி, அதையே போடச் சொல்லுங்க.

வந்தது.
ஒன்றின்மேல் ஒன்றாய் மூன்று,
உச்சியில் வெண்ணெய் வழுக்கிக்கொண்டிருந்தது.
ஊத்தப்பம் கட்சி மாறி
வேற சின்னத்துல நிக்குது, என்றார்.
சிரித்துவிட்டேன்.
சிரிக்கக் கூடாது என்று
காலையில் புடவை மடிக்கும்போதே நினைத்திருந்தேன்.

தொட்டுக்க என்ன தம்பி?
சிரப் அண்ணா.
காரமா?
சிரப் அண்ணா.

ஊற்ற ஊற்ற உள்ளே போனது,
பாலாற்றில் வரும் வெள்ளம்போல,
வந்த சுவடே இல்லாமல்.
முதல் வாய் இனித்தது.
இரண்டாவதும் அதையே சொன்னது.
மூன்றாவதில் எனக்குப் பிடித்துப்போயிற்று,
காரணம் தெரியவில்லை.

கத்தியும் முள்ளுமாய் அவர்
பேங்க் மேனேஜர் எதிரே உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தார்.
கொஞ்ச நேரம் போராடிவிட்டு
முள்ளைக் கீழே வைத்தார்.
கையால், நட்டநடுவிலிருந்து பிய்த்தார்.
தோசையையும் அப்படித்தான்.
ஓரத்தை எனக்கு விட்டுவிட்டு
நடுவைத் தின்கிறார் என்று
முதல் வருஷம் நான் அம்மாவிடம் போனில் அழுதேன்.
ஓரம் முறுகல், உனக்குப் பிடிக்குமே என்றுதான் என
ஒன்பதாம் வருஷம் சொன்னார்.
அதற்குள் நான் ஓரத்தை வெறுத்திருந்தேன்.

இதற்கு முறுகலே கிடையாது.
ஓரமும் நடுவும் ஒரே மெத்தை.

ஏங்க என்று வாயெடுத்து, விழுங்கி,
பரிதி, அந்தத் தண்ணியை இப்படி நகர்த்துங்க என்றேன்.
டவாலி மூன்று முறை கூவிய பெயர்.
என் வாயில் இன்றுதான் வந்தது.
நிமிர்ந்து பார்த்தார்.
தண்ணீரை நகர்த்தினார்.

ஆளுக்கொன்று முடிந்தது.
வாஷிங் மெஷின் எனக்கு, பைக் அவருக்கு,
சேண்பாக்கத்து மனை விற்றுப் பாதி
என்றெல்லாம் பத்தி பத்தியாய்ப் பிரித்தவர்கள்
மூன்றாவதைப் பார்த்தபடி இருந்தோம்.
பார்சலா என்று லால்ரின் கேட்டான்.
கேட்டுவிட்டுப் பெட்டியை
என் பக்கம் வைத்தான்.

வெளியே வெயில் கன்னத்தில் அறைந்தது.
ஹெல்மெட் போட்டுட்டுப் போ, என்றார்.
போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சாயங்காலம் ஸ்கூட்டி சீட்டைத் திறந்தால்
பெட்டி கசிந்து
தீர்ப்பின் இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும்
ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
ஈரத் துணியால் துடைத்தேன்.
கையெழுத்து தப்பியது.

இரவு பசித்தது.
ஆறிப்போனதை எடுத்து
மிச்சமிருந்த காரச் சட்னியில் தொட்டுப் பார்த்தேன்.

அவர் கேட்டது சரிதான்.
போன் கையருகேதான் இருந்தது.
சொல்லவில்லை.